மனைவி ஒன்று போதும் என்கிறாள், எனக்கு மனசு ஆறவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 38. பினாங்கில், பெருநிலப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். நான் தீவில், பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவிக்கு 35 வயது. பிறையில் ஒரு சரக்கு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரே பெண். 2021இல் பிறந்தவள், அடுத்த வருடம் பாலர் பள்ளிக்குப் போக வேண்டும்.

கல்யாணம் பேசியபோதே எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்று முடிவு செய்திருந்தோம். அதை முதலில் சொன்னதே அவள்தான். இப்போது இரண்டாவது பற்றி வாயெடுத்தால் "ஒன்று போதும்" என்கிறாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் அன்றாடத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்கு 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை என்று சுழன்று வரும். பகல் ஷிஃப்ட் கொஞ்ச நாள், இரவு ஷிஃப்ட் கொஞ்ச நாள். காலை ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் 5.40க்கே தாமான் முகப்புக்கு வந்துவிடும். திரும்பும்போது இரண்டாம் பாலம் ஏறுவதற்குள் பாயான் லெப்பாஸ் நெரிசலிலேயே அரை மணி போய்விடும். வீடு வந்து சேர எட்டு, எட்டரை ஆகும். மனைவி காலையில் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலை 6.30க்குள் எடுத்துவிட வேண்டும். தாமதமானால் அதற்குத் தனிக் கட்டணம்.

உழைப்பில் நான் குறை வைத்தது இல்லை. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கிடைத்தால் விடமாட்டேன். வீட்டுக் கடன் 1,650 வெள்ளி (ரிங்கிட்), கார் 780, பிள்ளைப் பராமரிப்பு 550 எல்லாம் என் சம்பளத்தில்தான் போகிறது. வீட்டுச் சாமான், பிள்ளைக்குத் துணிமணி, கரண்ட், தண்ணீர் அவள் பார்த்துக்கொள்வாள். ஓய்வு நாளிலும் நான் சும்மா இருப்பதில்லை. அவள் எழுதிக் கொடுக்கும் சாமான்களை வாங்கி வருவேன். கார் கழுவுவேன். சொன்னால் பிள்ளையைப் போய் எடுத்து வருவேன். இரவு ஷிஃப்ட் முடிந்த முதல் நாள் மட்டும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், எழ முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மனைவி லீவு போட்டுவிடுவாள். நிலையத்திலிருந்து போன் அவளுக்குத்தான் வரும். உற்பத்திப் பகுதிக்குள் நாங்கள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

பிள்ளை பிறந்தது கோவிட் சமயம். மாநிலம் தாண்டக்கூடாது என்று இருந்ததால் சுங்கை சிப்புட்டிலிருந்து அவள் அம்மா வர முடியவில்லை. என் அம்மா வந்து பத்தியச் சாப்பாடு செய்து கொடுத்தார். ஆனால் அவருக்கும் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), முழங்கால் வலி. நான் மூன்று நாள் லீவில் நின்றேன். மனைவிக்கு இரண்டு மாத லீவு. அந்த நாட்களில் திடீர் திடீரென்று அழுவாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று அம்மா சொன்னார். வேலைக்குப் போக ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது.

இன்னொன்று. பிள்ளைக்கு ஒரு வயதானபோது அவளைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னார்கள். மாதக் கடைசியில் இரவு வரை இருக்க வேண்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டாள். இந்த வருடம் மறுபடி கேட்டிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளப் போகிறாளாம். அதற்காகத்தான் பிள்ளை வேண்டாம் என்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் சித்தி "அடுத்தது எப்போம்மா?" என்று கேட்டார். மனைவி சோற்றைப் பிசைந்தபடியே, "உங்க மகன் சுமந்து பெத்துக்கட்டும் அத்தை, நான் ஓ.டி. பார்க்கப் போறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். நாங்கள் ஐந்து பேர், நான் கடைசி. அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிக்கொண்டே எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார். பெரிய அக்காதான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். இன்றைக்கும் ஏதாவது என்றால் முதல் ஆளாக வந்து நிற்பது அவர்தான். என் பெண்ணுக்கு அப்படி ஒருவர் வேண்டாமா? நாங்கள் போன பிறகு அவள் தனிமரமாக நிற்பாளே? இருவரும் சம்பாதிக்கிறோம், அம்மாவும் இருக்கிறார். அந்தக் காலத்தில் முடிந்தது இப்போது ஏன் முடியாது?

வயது ஏறிக்கொண்டே போகிறது. அவளை எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
செபராங் பிறை

---

அன்புள்ள தம்பி,

சம்மதிக்க வைக்கும் வழி கேட்டிருக்கிறீர்கள். அதை நான் சொல்லமாட்டேன். நச்சரித்து வாங்கிய சம்மதத்தோடு பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள் பிறகு எந்த நிலைமையில் ஆலோசனைக்கு வருகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். ஆனால் மனைவி ஏன் காரணம் சொல்வதில்லை என்று கேட்டீர்களே, அதற்கு என்னால் கொஞ்சம் உதவ முடியும். காரணத்தில் பாதியை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் ஷிஃப்ட் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் சுழற்சியில் 14 நாளில் 7 நாள் உங்களுக்கு ஓய்வு. மனைவிக்குச் சனி ஞாயிறு சேர்த்து 4 நாள், அதுவும் பிள்ளை வீட்டில் இருக்கும் நாட்கள். உங்கள் ஏழில் இரவு ஷிஃப்டுக்குப் பிறகு உடம்பு தேற ஒரு நாளைக் கழித்துவிடுவோம். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக்கூடாது, இரவெல்லாம் விழித்த உடம்பு ஒரு தூக்கத்தில் சரியாகாது. ஓ.டி.க்கு இன்னொரு நாள் போகட்டும். அப்படியும் ஐந்து நாள் மிஞ்சுகிறது. அந்த ஐந்து நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுகிறார்கள்? உங்கள் போன் லாக்கரில் இருப்பது வேலை நாளில்தானே? ஓய்வு நாளில் அது உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் நிலையத்திலிருந்து அழைப்பு அப்போதும் பிறை அலுவலகத்துக்குத்தான் போகிறது. 24 கிலோமீட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருக்கும்போது அது நியாயம். ஐந்து நிமிடத் தூரத்தில் வீட்டில் இருக்கும்போது?

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. கடனைக் கட்டுகிறீர்கள், குடும்பத்தைத் தாங்குகிறீர்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் கேட்பது இரண்டாவது பிள்ளை. அவர் காதில் விழுவது இரண்டாவது பிள்ளைக்கான மாலைப் பொழுது.

ஒரு மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். மணி 5.45. ஒரு இன்வாய்ஸ் கணக்கு உதைக்கிறது. மேனேஜர் "இன்றைக்கே முடிச்சிடலாமே" என்கிறார். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஜூருவில் வண்டி நகராது. நிலையத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருப்பார்கள், மகள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பார்த்துக்கொள்ளும் அக்கா ஒன்றும் சொல்லமாட்டார், கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் குளிப்பாட்டு, சோறு, நாளைக்குப் பையில் என்ன வைக்க வேண்டும், பால் மாவு தீர்ந்துவிட்டதா, தடுப்பூசித் தேதி எப்போது. எட்டரைக்கு நீங்கள் வரும்போது பிள்ளை அநேகமாகத் தூங்கியிருக்கும், வீடு அமைதியாக இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வீடு என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவதற்குப் பின்னால் இரண்டரை மணி நேர ஓட்டம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அது பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக்கூடிய ஓட்டம். கைக்குழந்தை ஒன்று சேர்ந்தால் எப்படி என்று அவர் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். அந்தக் கணக்கை உங்களிடம் சொன்னால் சண்டையாகும் என்பதால் துணி மடிக்கப் போகிறார்.

உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை இது. மத்தியாஸ் டூப்கே, ஃபாபியன் கிண்டர்மன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இன்னொரு பிள்ளை வேண்டுமா என்பதில் கணவனும் மனைவியும் வேறுபட்டால் என்ன ஆகிறது என்று ஐரோப்பிய நாடுகளின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை பிறப்பதில்லை. பிறப்பு விகிதம் மிகவும் குறைந்த நாடுகளில் வேண்டாம் என்பவர் பெரும்பாலும் மனைவிதான், அங்கேதான் பிள்ளை பார்க்கும் வேலையில் ஆண்களின் பங்கும் குறைவாக இருந்தது. நம் மலேசியாவிலும் கதை அதே திசையில்தான் போகிறது. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் இருந்த நாடு இது. இப்போது இரண்டுக்கும் கீழே, இந்தியர்களிடையே ஒன்றுக்குச் சற்று மேல். நடுவில் அரசாங்கம் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1984இல் மக்கள்தொகை 7 கோடி ஆக வேண்டும் என்று கொள்கை மாறியது. எந்தக் கொள்கையும் மாலை ஆறரைக்குப் பிள்ளையை எடுக்க ஆள் அனுப்பவில்லை!

அடுத்தது, முதல் பிரசவம். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். நீங்கள் நாலைந்து வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

2021இல் தனியார் துறையில் சட்டப்படி பிரசவ விடுப்பு 60 நாள்தான். அப்பாவுக்கு சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. மாநிலம் தாண்டும் தடை அந்த வருடம் அக்டோபர் 11 அன்றுதான் நீங்கியது. ஆக, முதல் பிள்ளை பெற்ற பெண், பெற்ற தாய் பக்கத்தில் இல்லை, மாமியாருக்கு முழங்கால் வலி, கணவர் நாலாம் நாள் 12 மணி நேர ஷிஃப்டுக்குத் திரும்பிவிட்டார், அறுபதாம் நாள் முடிந்ததும் தானும் அலுவலகம் போக வேண்டும். அழாமல் என்ன செய்வார்?

பிள்ளை பெற்ற முதல் ஓரிரு வாரத்தில் அழுகையும் எரிச்சலும் வருவது சகஜம், தானாகவே அடங்கிவிடும். உங்கள் அம்மா சொன்னது அந்த வகைக்குப் பொருந்தும். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் மனைவிக்கு எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அழுகை ஒரு வாரத்தோடு நின்றதாகத் தெரியவில்லை. வேலைக்குப் போனதும் சரியாகிவிட்டது என்கிறீர்கள். சரியானதா, அழ நேரம் கிடைக்காமல் போனதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் பல வருடங்கள் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கேட்ட ஒரு கணக்கெடுப்பை வைத்து ரேச்சல் மார்கோலிஸ், மிக்கோ மிர்ஸ்கிலா இருவரும் 2015இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. முதல் பிள்ளை பிறந்த சமயத்தில் யாருடைய மனநிறைவு அதிகமாகச் சரிந்ததோ, அவர்கள் இரண்டாவது பிள்ளைக்குப் போவது குறைவாக இருந்தது. இரண்டாவது வேண்டாம் என்று பலர் சொல்வது முதலாவதின் முதல் வருடத்தை நினைத்துத்தான்.

ஆகவே ஒரு ஓய்வு நாளில், பிள்ளை நிலையத்தில் இருக்கும்போது, மனைவிக்கும் ஒரு நாள் லீவு போடச் சொல்லி, அந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். "அப்போது உனக்கு எப்படி இருந்தது?" அவ்வளவுதான் கேள்வி. பதில் வரும்போது உங்கள் பக்க நியாயத்தை எடுத்து வைக்காதீர்கள். "எனக்கும்தான் கஷ்டமாக இருந்தது" என்ற வரி உங்கள் வாயில் வரத்தான் செய்யும், அது உண்மையும்கூட. அன்றைக்கு வேண்டாம். முடிவில் "சரி, இப்போது இரண்டாவது..." என்று ஆரம்பித்தீர்களானால் அந்தப் பேச்சு முழுவதும் வீண். தூண்டில் என்று தெரிந்தவுடன் அவர் வாயை மூடிக்கொள்வார், மறுபடி திறக்கமாட்டார்.

என்றைக்காவது இரண்டாவது பிள்ளை என்று இருவரும் தீர்மானித்தால், முதல் முறை இப்படி இருந்தது என்று கர்ப்பப் பரிசோதனையின் ஆரம்பத்திலேயே சுகாதார கிளினிக்கில் தாதியிடம் சொல்ல வேண்டும். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் ஒன்று 1987 முதல் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது, சில நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம். இப்போதே அவருக்கு மனம் பாரமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசலாம். உங்களுக்கும் அந்த எண் உதவும், ஷிஃப்ட் வேலை ஆண்கள் அதைக் கூப்பிடுவதே இல்லை.

பதவி உயர்வு பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஒருமுறை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தவர் அவர். அப்போது மாதக் கடைசியில் பிள்ளையை எடுக்கும் பொறுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமா என்று யாராவது பேசினீர்களா? கடிதத்தில் இல்லை. பிள்ளைக்காகப் பதவியை விட்டார், இப்போது பதவிக்காகப் பிள்ளையை விடுகிறார் என்று பார்க்காதீர்கள். இரண்டு முறையும் அவர் முன்னால் ஒரே தராசுதான் வைக்கப்பட்டது. அதோடு பணக் கணக்கையும் பாருங்கள். 1984ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் உள்ள விதிப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் வேண்டும், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர். அதனால்தான் கைக்குழந்தைக்கு எங்கேயும் கட்டணம் கூடுதல். உங்கள் பெண்ணுக்குக் கட்டும் 550 வெள்ளியில் பச்சைக் குழந்தைக்கு இடம் கிடைப்பது சிரமம். சூப்பர்வைசர் சம்பளம் வந்தால்தான் இரண்டாவது பிள்ளையே கைக்கு எட்டும் என்றுகூட ஆகலாம்.

"அம்மா ஐந்து பேரை வளர்த்தார்" என்ற இடத்தில் எனக்கு உங்களோடு கொஞ்சம் வாதாடத் தோன்றுகிறது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். விடியுமுன் அம்மா வெட்டுக்குப் போனால் சின்னவர்கள் ஆயாக்கொட்டகையில் இருந்தார்கள். வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில், நிர்வாகம் ஆயாவை வைத்து நடத்திய இடம். அங்கே புடவைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். மத்தியானத்துக்குள் மரப்பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அம்மா வீடு திரும்பிவிடுவார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பத்து வீட்டுக் கண்கள் பிள்ளைகள் மேல் இருக்கும். ஆயாக்கொட்டகை தாண்டியவுடன் உங்களை வளர்த்தது யார்? பெரிய அக்கா. இந்த வாரம் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, உங்களை இடுப்பில் சுமந்தபோது அவருக்கு என்ன வயது, பள்ளிக்கூடம் எந்த வகுப்போடு நின்றது என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் கேட்டு வைப்பது நல்லது. இன்றைய தாமானில் ஆயாக்கொட்டகையும் இல்லை, லயமும் இல்லை, உங்கள் மகளை இன்னொரு பிள்ளைக்கு அம்மாவாக்க நீங்களும் சம்மதிக்கமாட்டீர்கள்.

"அம்மாவும் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைக் கேட்டீர்களா? முழங்கால் வலியும் இனிப்பு நீரும் உள்ளவர், இரவில் கைக்குழந்தையோடு விழித்திருக்கத் தயாரா? மகன் ஆசைப்படுகிறான் என்று முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார். அதனால் பகல் நேரத்தில் எத்தனை மணி வரை, வாரத்தில் எத்தனை நாள் என்று தெளிவாகக் கேளுங்கள்.

உங்கள் பெண் தனிமரமாக நிற்பாள் என்ற பயத்துக்கு என் பதில் சுருக்கமானது. ஒற்றைப் பிள்ளைகள் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போவார்கள், பழகத் தெரியாமல் வளர்வார்கள் என்பதை டோனி ஃபால்போ, டெனிஸ் போலிட் இருவரும் 1986இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அக்கா மாதிரி ஒரு துணை கிடைப்பது பெரிய பாக்கியம்தான், மறுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தும் சொத்துப் பிரச்சினையில் முகம் பார்க்காதவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

சரி, என்னதான் செய்வது?

அடுத்த ஆறு மாதத்துக்குப் பிள்ளைப் பேச்சை எடுக்காதீர்கள். சித்தி எடுத்தால் நீங்கள் நிறுத்துங்கள். தண்ணீர்மலையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள். "அது எங்க ரெண்டு பேர் விஷயம் சித்தி, பாயசம் போடுங்க" என்று சொல்லியிருந்தால் மனைவி அப்படி வெடித்திருக்கமாட்டார்.

அந்த ஆறு மாதத்தில் சில பொறுப்புகளை அடியோடு உங்கள் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்ததை வாங்கி வருவதில் அவருக்குப் பெரிய ஓய்வு இல்லை, எழுதுவதுதான் பாதி வேலை. பால் மாவு எப்போது தீரும் என்பதை நீங்கள் கவனியுங்கள். அடுத்த வருடப் பாலர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பா, தனியாரா, பதிவு எப்போது, என்ன பத்திரம் வேண்டும், சீருடை எங்கே, பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே இருக்கும் என்று விசாரிப்பது, வரிசையில் நிற்பது, முடிப்பது வரை. மனைவியிடம் முடிவைப் பேசித் தீர்மானியுங்கள், ஆனால் நினைவுபடுத்தும் வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். நிலையத்துக்குப் போய் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையை ஒட்டிவிட்டு வாருங்கள், ஓய்வு நாளில் முதல் அழைப்பு உங்களுக்கு வரட்டும். காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்கு நீங்கள் கொண்டுபோங்கள். முதல் தடவை தடுமாறுவீர்கள், பிள்ளை அம்மா வேண்டும் என்று அழும், மருந்து அளவு குழம்பும். மனைவிக்குப் போன் போடாமல் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசி வாரத்து மாலைகளில் உங்கள் ஓய்வு நாட்கள் விழுந்தால் அவை முழுக்க உங்களுடையவை, அவர் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வரட்டும்.

இதைச் செய்துவிட்டுப் பதிலுக்குப் பிள்ளை கேட்கக்கூடாது. இது ஏற்கனவே இருக்கும் பெண்ணுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அச்சாரம் இல்லை.

வேலையிடத்திலும் கேட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். 60 நாளுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இயந்திரங்களோடு வேலை செய்யும் உங்களுக்குக் கிடைப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பகலில் மட்டும் வேலை செய்யும் இயந்திரப் பராமரிப்புக் குழுவுக்கு மாற்றம் கேட்பதும் இதில் சேரும். கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று ஆண்கள் தயங்குகிறார்கள். மனைவி இதுவரை எத்தனை சுளித்த முகங்களைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். அதே திருத்தத்தில் பிரசவ விடுப்பு 98 நாளாகக் கூடியிருக்கிறது. அப்பாவுக்குத் தொடர்ச்சியாக 7 நாள் உண்டு, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏழு நாள் எதற்குக் காணும் என்றால், பல பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி உதிர்வதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் வருட லீவையும் இப்போதிருந்தே சேர்த்து வைக்க வேண்டியிருக்கும், அது பேச்சு அந்தக் கட்டத்துக்குப் போனால்.

வயது பற்றிய கவலை நியாயமானதுதான். 35க்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையத் தொடங்குகிறது. இந்த ஆறு மாதத்தால் கதவு மூடிவிடாது, ஆனால் இப்படியே மூன்று நான்கு வருடம் பேசாமல் தள்ளினால் வயதே முடிவெடுத்துவிடும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். வேண்டும் என்று இருவரும் முடிவு செய்து, ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 35 வயதுக்கு மேல் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வதில்லை.

அப்போதும் அவர் ஒன்று போதும் என்று சொல்லக்கூடும். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும். அது உங்களுக்கு இழப்புதான், பெயரில்லாத இழப்பு என்பதால் யாரும் துக்கம் கேட்கவும் வரமாட்டார்கள். அந்த வருத்தத்தை மனைவி மேல் கோபமாக மாற்றாமல் வருத்தமாகவே அவரிடம் சொல்லலாம். "எனக்கு ஆசையாக இருந்தது" என்று சொல்வதில் தப்பில்லை. அவருக்கும் அந்த ஆசை எங்கேயோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இரண்டு என்று முதலில் சொன்னவர் அவர்தானே. இருவரும் சேர்ந்து பேச மூன்றாவது ஆள் தேவைப்பட்டால், தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளைகளில் குடும்ப ஆலோசனை உண்டு. பதிவு செய்யும்போது உங்கள் ஷிஃப்ட் அட்டவணையைச் சொல்லி நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தை எழுதியது மனைவிக்குத் தெரியுமா என்று நீங்கள் சொல்லவில்லை. பெயர் போடவில்லைதான், ஆனால் பந்தலில் தான் சொன்ன பதிலைப் படித்தால் அவருக்கு ஆள் தெரிந்துவிடும். இது வெளியாவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.